நாமக்கல்லுக்கும் போகும் சாலை

நம்மவர்களுக்குத் தேனிலவு என்றால் லங்காவி, கேமரன் மலை, கையில் கொஞ்சம் காசு இருந்தால் பாலி. இந்தியா அந்தக் கணக்கில் வராது. அங்கே போவது சென்னையில் சேலை எடுக்க, பழனியில் மொட்டை போட, சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் விருந்து சாப்பிட. நானும் என் மனைவியும் போன ஜனவரியில் வட இந்தியாவுக்குப் போனதற்கு தாஜ்மகால் இரண்டாவது காரணம்தான். அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை என்பது முதல் காரணம்.

நான் மேருவில் பிறந்து வளர்ந்தவன். அவள் பிரிக்பீல்ட்ஸ். எங்கே குடியிருப்பது என்ற கேள்வி, கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய தாமான் வீட்டை விட்டு என் அம்மா நகரமாட்டார். அவள் அம்மாவும் தனியாள்; அவளுக்கு வேலை கோலாலம்பூரில், எனக்குக் கிள்ளான் துறைமுகத்தில். கல்யாண அவசரத்தில் பேச்சைத் தள்ளிப் போட்டோம். அது எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

டில்லிக்குப் பறக்க ஐந்தரை மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னே தள்ளவேண்டும். ஓட்டுநரோடு ஒரு வாடகைக் காடி எடுத்துக்கொண்டோம். இந்தியாவிலும் நம்மைப்போல் இடப்பக்க ஓட்டம்தான், ஆனாலும் நாமே ஓட்டலாம் என்று யாரும் ஆசைப்படவேண்டாம். மாடு, டிராக்டர், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஹாரன் ஒன்றுதான் மொழி. எங்கள் ஓட்டுநர் பஞ்சாபி. எந்த ஊர் என்று கேட்டார். மேரு என்றதும், "மேரு பர்வதமா?" என்று கையை வானத்தை நோக்கிக் காட்டிச் சிரித்தார். பிறகு, அந்தப் பெயரில் டாக்சி நிறுவனம் ஒன்றும் உண்டு என்றார். தேவர்கள் வாழும் மலையும் வாடகைக் காடியும் ஒரே பெயரில். எங்கள் ஊரில் தொழிற்சாலைகளும் செம்பனையும்தான் என்று நான் சொல்லவில்லை.

ஆக்ராவுக்குப் போகும் யமுனா விரைவுச்சாலை 165 கிலோ மீட்டர். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிற மாதிரியே இருக்கும், மூடுபனி இல்லையென்றால். குளிர்காலத்தில் சிறு வாகனங்களுக்கான வேக வரம்பை 100லிருந்து 75க்கு இறக்கிவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்கும் முன்னால் போகும் லோரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

தாஜ்மகாலில் எங்கள் முகத்தைப் பார்த்த காவலாளி, கேட்காமலே இந்தியர் வரிசையைக் காட்டினார். அங்கே 50 ரூபாய். கடப்பிதழை நீட்டியதும் அடுத்த வரிசை. வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், உள்ளே கல்லறை மண்டபத்துக்குத் தனியாக 200. "மூஞ்சிக்கு அம்பது, கடப்பிதழுக்கு ஆயிரத்து நூறு" என்றாள் என் மனைவி. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், தேதி பார்த்துப் போங்கள். மும்தாஜ் 1631இல் பதினான்காவது பிள்ளைப்பேற்றில் இறந்தவர். காதல் சின்னம் என்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை நினைத்தவர்கள் எத்தனை பேரோ.

என்னைக் கேட்டால் தாஜைவிட பத்தேப்பூர் சிக்ரியில்தான் அதிக நேரம் நிற்கவேண்டும். 1571இல் அக்பர் தலைநகராக்கி, சிவப்புக் கல்லில் அரண்மனையும் பள்ளிவாசலும் கட்டி, பதினைந்து ஆண்டுக்குள் விட்டுப்போன ஊர். தண்ணீர்ப் பற்றாக்குறை என்கிறார்கள். வடமேற்கில் போர் என்றும் சொல்கிறார்கள். வெறும் முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ராஜாவுக்கே வீடு மாறவேண்டியிருந்திருக்கு." எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் புலந்து தர்வாசாவைப் படம் எடுத்தேன்.

ஜெய்ப்பூரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஹவா மகாலுக்கு 953 சன்னல். 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக நகரத்துக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள். எங்களுக்கு அங்கே கிடைத்தது நல்ல குளிரும் ஒரு முழுநாள் மௌனமும்.

டில்லிக்குத் திரும்பி, அமிர்தசரசுக்கு ஏறினோம். இதுதான் பயணத்தின் நல்ல பகுதி. ஷேர்ஷா சூரி சீராக்கிய பழைய ராஜபாட்டையை ஒட்டியே இன்றைய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. கர்னால் பக்கம் வயல் நடுவே மொகலாயர் கால மைல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. பானிப்பட், குருக்ஷேத்திரம், அம்பாலா, லூதியானா என்று பாடப்புத்தகப் பெயர்கள் எல்லாம் பச்சைப் பலகைகளாக வரும். ஜலந்தரில் அமிர்தசரஸ் சாலை பிரிகிறது.

சீக்கியர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் 'வங்காளி' என்பார்கள். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த 'வங்காளி'களின் சொந்த ஊரில், பொற்கோயிலின் இலவச உணவுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். தினமும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிற இடம். ரொட்டியை இரு கையையும் ஏந்தி வாங்கவேண்டும், அதுதான் மரியாதை.

கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13. சுவரில் குண்டு துளைத்த இடங்களை அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்றபோது எனக்கு எங்கள் கிள்ளான் நினைவுக்கு வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற வழிதான். தொட்டுப் பார்க்க அங்கே எனக்கு ஒரு சுவர் இருந்ததில்லை.

திரும்பும் வழியில், டில்லிக்கு ஐம்பது கிலோ மீட்டர் முன்னால் முர்த்தல். பரோட்டாவுக்குப் பேர்போன சாலையோர ஊர். நம் பரோட்டாவோ ரொட்டி சானாயோ என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே உருளைக்கிழங்கோ முள்ளங்கியோ வைத்துச் சுட்டு, மேலே வெள்ளை வெண்ணெய்க் கட்டியைப் போடுகிறார்கள். பெரிய கடைகளில் கூட்டம். ஓட்டுநர் லோரிக்காரர்கள் நிறுத்தும் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பசியாறினோம்.

ஒன்பது நாளாகத் தமிழில் என்ன பேசினாலும் சுற்றிலும் யாருக்கும் புரியாது என்ற தைரியம். அங்கேதான் அது வெடித்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து மேருவிலிருந்து வேலைக்கு ஓட அவளால் ஆகாது. அம்மாவைத் தனியே விட என்னால் ஆகாது. "உங்கம்மா மட்டும்தான் அம்மாவா?" என்று அவள் குரல் உயர்ந்தது. நானும் குறைவைக்கவில்லை.

"தம்பி, பரோட்டா ஆறுதுங்க."

பக்கத்துக் கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளியே நின்ற லோரியின் எண்பலகையை அப்போதுதான் பார்த்தேன்: டிஎன் 28. நாமக்கல். லூதியானாவில் சைக்கிள் பாகங்கள் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்குகிறாராம்.

"அம்மிணி சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க" என்றார் என்னிடம்.

அந்த 'அம்மிணி'யை என் வாழ்நாளில் ஒரே ஒருவர் வாயில்தான் கேட்டிருக்கிறேன். தாத்தா என் அத்தைகளை அப்படித்தான் கூப்பிடுவார். ரஜூலா கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கியவர். அவர் காகிதத்தில் 'சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா' என்றுதான் இருக்கும். 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. ஊர்ப்பெயர் எழுதியிருந்த இடம் மழையில் நனைந்து அழிந்துபோயிற்று.

வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று என் மனைவி கேட்டாள். முப்பத்தெட்டு நாள் என்றார். "அக்கா கோவிச்சுக்க மாட்டாங்களா அண்ணே?"

"கோவிச்சுக்கறதுக்கு ஆள் பக்கத்துல இருக்கோணுமல்லங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. இந்தச் சாலை எங்கே போகிறது என்று, பேச்சை மாற்றத்தான் கேட்டேன். ஸ்ரீநகரில் தொடங்கி டில்லி, ஆக்ரா, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், சேலம், நாமக்கல், மதுரை, கன்னியாகுமரி என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். 3,700 கிலோ மீட்டருக்கு மேல், எண் அதே 44. எங்க ஊர் பைபாஸும் இதேதானுங்க என்றார். அங்கிருந்து சுமார் 2,400 கிலோ மீட்டர் நேரே தெற்கே போனால் தாத்தா புறப்பட்ட ஊர். யாரும் தெரியாத திசை என்று தேடி வந்த எங்களை ஒரே சாலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அவர் லோரி முதலில் கிளம்பியது. விமான நிலையம் போகிற வரை நாங்கள் பேசினோம், இம்முறை மெதுவாக. கிள்ளானில் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு. அவளுக்கு அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நேரே ரயில். எனக்கு மேரு பக்கம். அவள் அம்மா மாதத்தில் பாதி நாள் எங்களோடு. ஒரு வருடம் பார்ப்போம் என்றாள். வீடு இன்னும் கிடைக்கவில்லை. முன்பணம் கேட்கிற தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மேருவில் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். தாஜ்மகாலை விரலால் தள்ளிவிட்டார். பொற்கோயிலில் கொஞ்சம் நின்றார். லோரி படம் வந்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எண்பலகையைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இந்தத் தம்பி ஃபோன் நம்பர் வாங்கினியா?"

நான் வாங்கவில்லை. என் மனைவி வாங்கி வைத்திருந்தாள்.