தெலுக் ஆயர் தெருவில் ஒரு பகல்

 

நான் வசிப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில். செங்கம் சாலையில் திகைத்து நிற்கும் வெளிநாட்டாருக்கு வழி காட்டுவது எனக்கு அன்றாட வேலை. அத்திகைப்பு எத்தகையது என்பதைச் சிங்கப்பூரில் ஒரு வெள்ளிக்கிழமை தனியே சுற்றியபோதுதான் உணர்ந்தேன்.

விருந்தளித்த மைத்துனர் மகன் பணிக்குச் சென்றுவிட்டார். என் சட்டைப்பையில் ஒரு பழைய கடிதம் இருந்தது. 1956இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய என் உம்மாவின் வாப்பா எழுதியது. மார்க்கெட் தெருக் கடையொன்றில் கணக்கெழுதிய அவர், சுபுஹைக் 'குச்சுப் பள்ளி'யில் தொழுவதாகவும், வெளியே வந்தால் கடற்காற்று சுகமாக வீசுவதாகவும் அதில் குறித்திருந்தார். 1961இல் அங்கேயே மவுத்தாகி, பிடாதாரி மையவாடியில் அடக்கப்பட்டார். உம்மாவுக்கு அவரது முகம் நினைவில்லை. "வாப்பாவின் கபுரடியில் ஒரு யாஸீன் ஓதிவிட்டு வா" என்பதே உம்மா எனக்கிட்ட ஒரே கட்டளை.

தெலுக் ஆயர் என்றால் மலாய் மொழியில் நீர் விரிகுடா என்று பொருள். ஆனால் அத்தெருவில் நீரே இல்லை! முன்னொரு காலத்தில் அதுவே கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். 1828-30இல் நம்மவர் எழுப்பிய நாகூர் தர்காவும், சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலும் வானளாவிய கட்டடங்களின் காலடியில் நிற்கின்றன. தர்கா பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைப் பேச இங்கு நான் வரவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் தேடியது இறைவனைத் தொழ ஓர் இடத்தைத்தான் என்பதை அத்தெரு சொல்கிறது. 1827இல் ஓலைக் குடிசையாக இருந்ததால் 'குச்சுப் பள்ளி'யெனப் பெயர் பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசலும் அங்கேதான் இருக்கிறது. ஜும்ஆ உரையைத் தமிழில் கேட்டபோது என் கண்கள் பனித்தன.

கடலைத் தேடி மெரினா விரிகுடாவரை நடந்தேன். 2008இல் திறக்கப்பட்ட அணைக்கட்டால் அதுவும் நன்னீர்த் தேக்கமாகிவிட்டதாம். (தேநீரின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் வழக்கத்தை அங்கேதான் கைவிட்டேன்.)

பிடாதாரிக்கு வழி கேட்க அஸருக்கு மீண்டும் பள்ளிக்கு வந்தேன். பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றி அமர்த்தினார். அங்கே அடக்கம் 1970களிலேயே நின்றுவிட்டது. 2001 முதல் சில ஆண்டுகளில் கபுர்களைத் தோண்டி, எச்சங்களைச் சுவா சூ காங்குக்கு மாற்றினார்கள். உரிமை கோரி எவரும் வராதவர்களைப் பலராகச் சேர்த்து அடக்கினார்கள் என்றார். அந்த அறிவிப்பு எங்கள் வீட்டை எட்டவேயில்லை. பழைய இடத்தில் இன்று குடியிருப்புகளும் பூங்காவும் இருக்கின்றன.

மாலையில் மைத்துனர் மகன் என்னைச் சுவா சூ காங்குக்கு அழைத்துச் சென்றார். வரிசை வரிசையாகக் கபுர்கள். எது எனத் தெரியாமல், பொதுவாக நின்று யாஸீன் ஓதினேன்.

இரவு தொலைபேசியில் உம்மாவிடம் என்ன சொல்வதென்று வெகுநேரம் தயங்கினேன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதிப்பவன் பொய் சொல்ல இயலுமா? நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை.

"அப்படியானால் தனியாக இல்லை" என்றார். பிறகு, கடிதம் கசங்காமல் இருக்கிறதா என்று கேட்டார்.