அறுபது ஃபிரேம்

பெருங்குடி வீட்டில் ஏசி கிடையாது. மே மாதத்தில் கேம் ஆடினால் கிராபிக்ஸ் கார்டு விடும் அனலில் அறையே வெந்துபோகும். அதனால்தான் அண்ணன் கனடா கிளம்பும்முன் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃபிரேம் ரேட் 60-ஐத் தாண்டாதபடி வைத்தான். “இதுல கை வைக்காதடா.”

2024 நவம்பரில் என்விடியா ஆப் வந்தது. லாகின் செய்தால்தான் ஓடும் ஜீஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸுக்கு மாற்று. இதற்கு லாகினே வேண்டாம். நல்ல விஷயம். பழைய பேனலுக்கு இன்னும் எக்ஸ்பி காலத்து முகம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் வைத்தது அழிந்துபோனால்? மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

போன ஞாயிறு மாறினேன். 60 அப்படியே இருந்தது. செட்டிங்ஸ் பதிவது டிரைவரில்தானாம், பேனலில் இல்லை.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். “இன்னும் அதையாடா வச்சிருக்க? ஏசி வாங்குடா” என்றான்.