முள்முருங்கை நகரம்

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களிடம் சில வாக்கியங்கள் கையிருப்பாக இருக்கும். பிற்பகல் வகுப்பில் மாணவர்கள் சோர்ந்திருக்கும் வேளையில் எடுத்து வீசுவதற்கென்றே அவற்றை வைத்திருப்போம். என்னிடம் அப்படி இருந்த ஒன்று: "குப்லாய் கான் காலத்தில், சீன தேசத்தில், தமிழன் சிவன் கோயில் எடுத்தான்." சொன்ன மாத்திரத்தில் கடைசி வரிசை நிமிரும். கைதட்டியவர்களும் உண்டு. சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனப் பேரரசரின் உடல்நலம் வேண்டித் திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று ஒரு தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. 1956இல் சுவான்சௌ நகரில் கிடைத்த கல் அது. தி.நா. சுப்பிரமணியனும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இருபது ஆண்டுகளாக அந்த மணியோசைக்கு அப்பால் நான் யோசித்ததில்லை.

சென்ற ஆண்டு பங்குனியில் அந்த நகருக்கே போகும் வாய்ப்பு அமைந்தது. ஷியாமெனில் ஒரு கருத்தரங்கு. கட்டுரை வாசித்த மறுநாள் ஓய்வு. விரைவு ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் சுவான்சௌ. (ஒலியொற்றுமை கருதிக் குவாங்சௌவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஃபுஜியான் மாநிலத்தின் பழந்துறைமுகம்.) துணைக்கு வந்தவர் தமிழ் பயின்ற ஒரு சீன மாணவி. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியதே 1963இல் என்பதால், அந்நாட்டில் தமிழ் கற்போர் இருப்பது எனக்கு வியப்பன்று. ஆனால் அவர் பேசிய தமிழ் வியப்பளித்தது. "ஐயா, தங்களுக்குப் பசிக்கின்றதா? இங்கே மரக்கறி உணவு கிடைப்பது சற்று அரிது" என்றார். என் மாணவர்கள் தேர்வுத்தாளில்கூட இப்படி எழுதுவதில்லை.

ரயில் நிலையத்திலிருந்து நகருக்குள் வரும்வரை கண்ணில் பட்டவை எந்தச் சீன நகரத்திலும் காணக்கூடியவையே: அடுக்குமாடிகள், மேம்பாலங்கள், விளையாட்டுக் காலணி விளம்பரங்கள். காலணித் தொழிலுக்குப் பேர்போன வட்டாரமாம். பிறகு ஒரு திருப்பத்தில் கட்டடங்கள் சட்டெனத் தணிந்தன. செங்கல் சுவர்கள், கடலலைபோல் வளைந்து இரு முனையிலும் தகைவிலான் குருவியின் வால்போல் பிளந்து நிற்கும் கூரை முகடுகள். பழைய நகரம் அங்கே தொடங்கியது.

சாலையோரத்தில் ஒரு மரத்தைக் கண்டு நின்றுவிட்டேன். மூன்று மூன்றாய் இலை, உடம்பெல்லாம் முள், கிளை நுனியில் நெருப்புக்கங்கு போன்ற பூ. எங்கள் வீட்டு வேலியில் நின்ற கல்யாண முருங்கை! முள்முருங்கை என்றும் சொல்வோம். சளி பிடித்தால் பாட்டி அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டித் தருவாள். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவதும் இதன் மேல்தான்.

"இதன் பெயர் சிதோங்" என்றார் மாணவி. "பத்தாம் நூற்றாண்டில் இந்நகரின் மதிலைச் சுற்றி இம்மரத்தை நட்டார்கள். அதனால் நகருக்கே சிதோங் என்று பெயர்."

மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாகப் போற்றிய சைத்தூன் என்ற பெயர் இந்த மரத்திலிருந்து பிறந்தது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அந்த மரம் என் பாட்டியின் அடைமரம் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்தோ காயலிலிருந்தோ வந்து இறங்கிய ஒருவன், மதிலோரம் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? ஊர் வந்துவிட்டது என்று ஒரு கணம் மயங்கியிருப்பானோ?

மேற்குத் தெரு பழைய நகரின் முதுகெலும்பு. 2021இல் சுவான்சௌவின் சோங், யுவான் காலச் சின்னங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று கண்ட கூட்டம் திருவிழாக் கூட்டம். இளம்பெண்கள் பலர் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சூடி வந்தார்கள். நகரையடுத்த சுன்பு என்னும் மீனவ ஊர்ப் பெண்களின் வழக்கமாம் இது. இப்போது சுற்றுலாப் பயணிகள் கடைகளில் பணம் கொடுத்துச் சூடிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் துணிப்பூ. ஆனாலும் பூவைத்த கொண்டைகள் வரிசையாக நகரும் தெருவில் நடந்தபோது, அயல்நாட்டில் இருக்கிறோம் என்ற நினைவு சற்றே தளர்ந்தது உண்மை.

அந்தத் தெருவிலேயே இருக்கிறது கைய்யுவான் பௌத்தக் கோயில். 686இல் நிறுவப்பட்டது. முன்னே இரண்டு கற்கோபுரங்கள். இரண்டும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் எடுக்கப்பட்டவை. கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 48 மீட்டர் உயரம். 1604இல் இவ்வட்டாரத்தை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்திலும் அவை விழவில்லை. வளாகத்தில் ஒரு கப்பலின் அடிக்கூடும் இருக்கிறது. 1974இல் துறைமுகச் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுத்த சோங் காலக் கப்பல். அதில் வாசனை மரங்களோடு மிளகும் இருந்தது.

நான் தேடி வந்தது பெரிய மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் இருந்தது. பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். வட்டச் சட்டங்களுக்குள் சிறிய உருவங்கள். கண் பழக நேரமாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் துலங்கின. மடியில் கிடத்திய இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிங்கம். முதலை பற்றிய யானை. மருதமரங்களுக்கு நடுவே கண்ணன். ஆயர் மகளிரின் ஆடைகளோடு மரத்தின்மேல் மீண்டும் அவனே. மண்டபத்தின் முன்மேடையை ஒட்டி எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகளில் மனித முகமும் சிங்க உடலுமாய் உருவங்கள். இங்கிருந்த இந்துக் கோயில் ஒன்று அழிந்தபின், மிங் காலத்தில் இம்மண்டபத்தைப் பழுதுபார்த்தபோது இவற்றை இங்கே சேர்த்தார்கள் என்பது ஆய்வாளர் கருத்து.

கல்வெட்டு வாசகத்தின் நகலைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்துத் தூணருகே நின்று மாணவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த மொழியை அந்த இடத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்றொரு வேகம். தொண்டை அடைத்தது. பக்கத்தில் ஊதுபத்தி ஏந்திச் சென்ற ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, நான் ஏதோ வழிபாடு செய்கிறேன் என்று எண்ணினார் போலும், தாமும் தூணை நோக்கிக் கைகுவித்துவிட்டுப் போனார்.

மாணவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கி, "ஐயா, ஓர் ஐயம். சம்பந்தப் பெருமாளின் மனைவி யார்?" என்றார்.

"அது கல்வெட்டில் இல்லையம்மா."

"அவருடைய பிள்ளைகள் எந்த மொழியில் பேசினார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. மொழி கற்கிறவருக்கு இயல்பாக எழும் கேள்வி அது. இருபது ஆண்டுகளாக நான் கற்பித்த பிள்ளைகளில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்கும்படி நான் கற்பித்திருக்கவில்லை. "தமிழன் கோயில் எடுத்தான்" என்று நான் முழங்கும்போது அந்தத் தமிழனுக்கு முகமில்லை, வீடில்லை, அச்சமில்லை. பெருமை ஒன்றுதான் இருந்தது.

அந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதன் புறக்கோட்டை மட்டும் வரலாறு தருகிறது. 1357 முதல் 1366 வரை இந்நகரில் அயல்நாட்டுப் படையினரின் கலகமும் அதை ஒடுக்கும் போரும் நடந்தன. அயலார் பலர் கொல்லப்பட்டனர், பலர் ஓடிப்போயினர். அடுத்து வந்த மிங் அரசு 1371இல் தனியார் கடல்வணிகத்தைத் தடைசெய்தது. இடையில் எங்கோ அந்தக் கோயில் இடிந்தது. தப்பியவர்களின் பிள்ளைகள் சீனராயினர் என்றே கொள்ள வேண்டும். கடைசியாக இங்கே தமிழில் ஒரு தாய் பிள்ளையை அதட்டியது எந்த ஆண்டு? அதை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

கோயிலுக்குப் பின்புறச் சந்துகளில் நடந்தோம். அங்குள்ள பழைய சுவர்கள் விசித்திரமானவை. செங்கல் துண்டும் உடைந்த கருங்கல்லும் ஓடுகளும் ஒழுங்கின்றி அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் எட்ட நின்று பார்த்தால் நெய்த பாய்போல ஓர் அழகு. நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளின் சிதைவுகளைக் கொண்டே மீண்டும் கட்டியதில் பிறந்த முறை என்று ஊரார் சொல்வார்களாம். உடைந்ததை எறியாமல் சுவரில் வைத்துக்கொள்ளும் ஊர். அந்தத் தூண்களுக்கும் நேர்ந்தது அதுதான். வேற்றுச் சமயத்தின் தூண் என்று யாரும் செதுக்கி அழிக்கவில்லை. தாங்குவதற்குத் தகுதியான கல், தாங்கட்டும் என்று நிறுத்திவிட்டார்கள்.

பிற்பகலில் நகரின் கிழக்கே உள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரபு எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கற்கள், அவற்றையடுத்து இந்துச் சிற்பங்கள். ஒரு பலகையில் யானை ஒன்று லிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவின் கதை, சீனக் கல்லில். இவற்றில் பல, 1920களிலிருந்து நகரின் பழைய மதில் இடிக்கப்பட்டபோது வெளிப்பட்டவை. சிதறிய கற்களைத் தேடிச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஊ வென்லியாங். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். கல்தச்சர்கள் உடைத்து விற்கும் முன் தம் கைப்பணம் கொடுத்து வாங்கி வைத்தார். பின்னர் அரசுக்குக் கொடையாக அளித்தார். 1957இல் அவருடைய 'சுவான்சௌ சமயக் கற்பொறிப்புகள்' நூல் வெளிவந்தது.

அந்தப் பெயர்முன் நான் நெடுநேரம் நின்றதற்குக் காரணத்தை மாணவியிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தது. தமிழ் வாத்தியார் என்பதால் குழுவில் என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் கொத்தனார் கூப்பிட்டார். "சார், இந்தக் கல்லுல என்னமோ எழுத்து இருக்கு. குழாயடிக்குப் படி வைக்க அளவாத்தான் இருக்கு. என்ன செய்ய?" குனிந்து பார்த்தேன். விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி. கொடுத்தவர் ஒரு பெண். அவர் பெயரின் முதல் பாதி தெளிவாக இருந்தது. குடமுழுக்குக்குப் பதினொரு நாளே இருந்தது. குழுவின் பெரியவர், "அத்தனை கல்வெட்டையும் அரசாங்கம் எப்பவோ படி எடுத்தாச்சு, நீங்க வாங்க" என்றார். நான் வந்துவிட்டேன். படியெடுத்தார்களா என்று இன்றுவரை சரிபார்க்கவில்லை. எழுத்துப் பக்கம் கீழே இருக்க, கல் படியாயிற்று. பத்து ஆண்டுகளாக அதில் கால் வைத்துத்தான் கைகால் அலம்புகிறேன்.

தமிழில் ஓரெழுத்தும் கற்றிராத ஒரு பள்ளி ஆசிரியர் தம் பணத்தைக் கொடுத்துத் தமிழருடைய கற்களைக் காத்தார். தமிழில் முதுகலை படித்த நான், சும்மா கிடைத்த கல்லை மண்ணைப் பார்க்கப் புரட்டிப் போடச் சம்மதித்தேன். ஆணவத்துக்கும் அக்கறைக்கும் உள்ள தொலைவு நாகப்பட்டினத்துக்கும் சைத்தூனுக்கும் உள்ள தொலைவைவிட அதிகம் என்று அங்கே விளங்கியது.

மாலையில் 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசலைப் பார்த்தோம். தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை. கற்சுவர்களுக்கு மேல் வானம் மட்டும். அடுத்து குவான் யூ கோயில். அங்கே ஊதுபத்திப் புகை. ரயில் நிலையத்தில் விடைபெறும்போது மாணவி, "தாங்கள் மீண்டும் வர வேண்டும், ஐயா. அப்போது என் கேள்விக்கு விடை கொண்டுவாருங்கள்" என்று சிரித்தார். "வருகிறேன் அம்மா" என்றேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் கோயில் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். குழாயடிப் படியைப் பெயர்த்து, கல்லை மண்டபச் சுவரோரம் நிறுத்த வேண்டும், செலவு என்னுடையது. "இப்பத் தோண்டினா குழாய் உடைஞ்சிரும். மழை போகட்டும், தை பொறந்ததும் பார்ப்போம்" என்றார்கள். தை பிறந்தது. வேறொரு காரணம் சொன்னார்கள். மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொத்தனாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அந்தக் கல் நன்றாக நினைவிருக்கிறது. "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா நான் வச்சிருக்க மாட்டேனே சார்" என்றார்.