நீல மூலையில் ஒரு நிமிடம்

எங்கள் ஊரான வாலிநோக்கத்திலிருந்து சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். ஆனால் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோனதால், கண்ணுக்கெதிரே கிடக்கும் மன்னார் வளைகுடாவுக்கு முதுகைக் காட்டி மதுரை போய், விமானம் ஏற வேண்டியிருக்கிறது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எங்கள் பக்கத்துக் காக்கா (அண்ணன்) ஒருவர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். "கிரிக்கெட் பாக்க எல்லாரும்தான் வர்றாங்க. நீங்க பாக்சிங் பாக்க வாங்க தம்பி" என்பார். போனேன்.

சுகததாச உள்ளரங்கம். காக்காவுக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இருந்ததால், போட்டி தொடங்கும் முன் வீரர்கள் தயாராகும் இடத்துக்கே போக முடிந்தது. டிக்கெட் வாங்கி உட்காருகிறவர்கள் பார்க்காத பாதி அங்கேதான் நடக்கிறது. ஒரு பையன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையை நீட்டி வைத்திருந்தான். பயிற்சியாளர் துணிப்பட்டையின் கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சில சுற்றுச் சுற்றி, புறங்கையில் குறுக்காக ஏற்றி, விரல் இடுக்குகளுக்குள் நுழைத்து, மொளிகளின் மேல் மெத்தையாக மடித்தார். "கையை மடக்கு" என்றார். மடக்கினான். நகம் வெளுத்திருந்தது. ஒன்றும் பேசாமல் முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றினார். அதன்பின் மேசையில் இருந்த அலுவலர் கட்டைத் தடவிப் பார்த்து, பேனாவால் குறி வைத்த பிறகுதான் கிளவுஸ் கைக்கு ஏறியது. மனிதனின் கையெலும்புகள் ஒருவன் தலையில் மோதுவதற்காக அமைந்தவை அல்ல. அந்தக் கட்டு முதலில் காப்பது அடிப்பவனின் கையை.

குத்துச்சண்டை வளையத்தின் உட்புறம் கயிற்றுக்குக் கயிறு 6.1 மீட்டர். தொலைக்காட்சியில் பரந்து தெரியும் இடம், நேரில் பார்த்தால் ஓடி ஒளிய வழியில்லாத சதுரம். அமெச்சூர் போட்டி மூன்று சுற்றுகள்தான், சுற்றுக்கு மூன்று நிமிடம், நடுவே ஒரு நிமிட ஓய்வு. கீழே ஐந்து நீதிபதிகள் தனித்தனியே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. எத்தனை அடி விழுந்தது என்பதோடு, எத்தனை சுத்தமாக விழுந்தது என்பதும் கணக்கு. கூட்டம் கத்தும் அடிகளில் பாதி தோளிலும் முழங்கையிலும் பட்டுத் தெறிப்பவை. அதற்கு நீதிபதியின் பேனா அசையாது.

முதல் இரண்டு மோதல்களில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கைகளின் வேகத்துக்குக் கண் ஓடவில்லை. காக்கா தோளைத் தட்டி, "கைய விடுங்க தம்பி, காலப் பாருங்க" என்றார். அதன்பிறகுதான் ஆட்டம் திறந்தது. கரைவலை இழுக்கும் நம் ஆட்கள் மணலில் குதிகாலை ஊன்றி, அலை தளரும் நொடிக்காகக் காத்திருந்து இழுப்பார்கள் அல்லவா, அதே ஊன்றல். அடி தரையில் பிறந்து, இடுப்பில் திரும்பி, கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. பின்கால் தளர்ந்தவனின் குத்து எத்தனை அழகாக இருந்தாலும் எடை இல்லாமல் போய் விழுவதைக் கண்ணால் பார்த்தேன்.

என்னை முழுசாக இழுத்தது அந்த ஓய்வு நிமிடம். மணி அடித்ததும் நீல மூலைக்குள் முக்காலி வருகிறது. பல்காப்பு வெளியே வருகிறது, தண்ணீரில் அலசப்படுகிறது. வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு. மூச்சு தாராளமாக இறங்க இடுப்புப்பட்டையை இழுத்துப் பிடிக்கிறார் பயிற்சியாளர். துண்டால் விசிறுகிறார். இத்தனைக்கும் இடையில் பேச இரண்டு வாக்கியத்துக்குத்தான் நேரம். நான் பார்த்தவர் முதல் பாதி நிமிடம் வாயே திறக்கவில்லை. மூச்சு சீரானதும், "இடது கையை இறக்காதே. அவன் களைச்சிட்டான்" என்றார். அவ்வளவுதான். அலங்காரம் இல்லாத அந்த இரண்டு வரிக்குப் பின்னால் எத்தனை வருடப் பழக்கம் இருக்கும்! தோற்றுக்கொண்டிருக்கும் தன் பையனுக்காகத் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு.

நடுவரும் அப்படித்தான். ஒருவன் தடுமாறிய கணமே இடையில் புகுந்து எட்டு வரை எண்ணினார். எண்ணும்போது அவர் பார்த்தது அவன் கண்களை. தலையில் வாங்கிய அடியால் ஆட்டம் நிறுத்தப்பட்டால், அந்த வீரர் குறைந்தது 30 நாள் வளையம் ஏறக் கூடாது என்பது விதி. இதைக் காட்டுமிராண்டி விளையாட்டு என்பவர்கள் ஒரு மாலை வளையத்தருகே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இலங்கையில் இந்தக் கலைக்கு நீண்ட வேர் இருக்கிறது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் (இன்றைய காமன்வெல்த்) பார்னி ஹென்ரிகஸ் தங்கம் வென்றார். அடுத்த தங்கத்துக்கு 72 வருடம் ஆனது. 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி வென்றார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அதுவும் பறிபோனது. காக்கா இதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் அனுஷா தில்ருக்‌ஷி கொடித்துவக்கு அரையிறுதியில் நம் மேரி கோமிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அங்கே ராணுவம், கடற்படை, போலீஸ் அணிகளோடு ஆடைத் தொழிற்சாலை அணியும் உண்டு. தையல் மெஷினிலிருந்து எழுந்து பயிற்சிக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள்.

நமக்கும் வேர் இல்லாமல் இல்லை. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரைகளை, ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபிறகு எல்லோருக்கும் தெரியும். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் வி. தேவராஜன் வெண்கலம் வாங்கியதைச் சொன்னால்தான் பலருக்குப் புதிதாக இருக்கிறது. வடசென்னையின் வளையங்களை வளர்த்ததில் மீனவக் குப்பங்களுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. உப்பளத்தில் வாரிக் குவிக்கும் தோளும், வலை இழுக்கும் காலும் எங்கள் கரையிலும் இருக்கின்றன. வாலிநோக்கத்தில் இல்லாதது ஒரு வளையமும், கையைச் சுற்றிவிட ஓர் ஆளும்.

எங்கள் கடற்கரையில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். புயல் வராத மாதங்களில் அந்தக் கூடங்களை மாலை இரண்டு மணி நேரம் திறந்துவிடலாம். தரைக்கு மெத்தை விரிப்பு, தொங்கவிட நான்கு மணல்மூட்டைகள், சில ஜோடி கிளவுஸ், ஊதியத்தோடு ஒரு பயிற்சியாளர். தொடங்குவதற்கு இது போதும். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் ஊர் ஜமாத்தும் ஊராட்சியும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு நேரம் ஒதுக்கினால், பெண் பிள்ளைகளுக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள்.