அரைப்பேர் கொடுத்த ஆசிரியர்கள்

வட்டகொடைப் பகுதியிலுள்ள சிறியதோர் ஆரம்பப் பாடசாலையில் என் இளைய மகள் நான்காந் தரத்திற் படித்து வந்தாள். கல்லூரியில் உயர் வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அங்கே ஆசிரியன் என்ற தகுதி இல்லை. ஒரு தகப்பன், அவ்வளவே. பெற்றார் கூட்டமொன்றில் அதிபர் ஒரு குறையை எடுத்துரைத்தார். ஆறாந் தரத்துக்குச் செல்லும் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் முதலியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு பாட்டை அமைதியாக இருந்து கேட்டோ, ஒரு சித்திரத்தின் முன் நின்று பார்த்தோ பழகாத பிள்ளை எதைக் கொண்டு தெரிந்தெடுக்கும்? சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோ மற்றெல்லாப் பொழுதையும் விழுங்கிவிடுகிறது.

அமெரிக்க நாட்டில் சில ஆரம்பப் பாடசாலைகளில் பெற்றாரே ஒரு சித்திரத்தை வகுப்புக்கு எடுத்துவந்து, அதில் என்ன காண்கிறீர்கள் என்று பிள்ளைகளைப் பேசவைக்கும் வழக்கம் உண்டென்று நான் படித்திருந்தேன். அதைச் சொன்னதுதான் தாமதம், பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யோசனை சொன்னவனிடமே வேலையைக் கொடுப்பது எல்லாச் சங்கங்களுக்கும் பொது நியதி போலும்!

வெள்ளிக்கிழமைகளிற் கடைசி இரண்டு பாடவேளைகள் என்று தீர்மானித்தோம். ஆனால், மாதச் சம்பளக்காரனாகிய நான் எண்ணிப் பாராத ஒன்றிருந்தது. கொழுந்தெடுக்கும் தாய் நண்பகலில் மலையை விட்டு இறங்கினால், அந்திக் கொழுந்து நிறுக்கும் வேளையில் அவளிடம் நிறுப்பதற்கு ஒன்றும் இராது. செக்றோலில் அன்று அவளுக்கு விழுவது அரைப்பேர்தான். கோலம் போடக் கற்பிப்பதாகச் சொன்ன ஒரு தாய் இதனை அறிந்தே வந்தார். புள்ளிகளை இட்டுவிட்டு, கோட்டை எங்கே தொடங்கினால் கையெடுக்காமல் முடிக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்டார். கணக்கில் பின்தங்கியவள் என்று பெயரெடுத்த ஒரு சிறுமிதான் முதலில் வழி கண்டுபிடித்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எவரும் அந்தத் தாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்து வந்தவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியார். தாலாட்டுப் பாடினார். முதலிற் பிள்ளைகள் சிரித்தனர். மாமன் கொண்டுவரும் சீர் ஏன் பாட்டில் வருகிறது, தாயின் மனக்குறை அதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டில் பிறந்தது இதே வட்டகொடையைச் சேர்ந்த மடக்கும்பரைத் தோட்டத்தில் அன்றோ! 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர்தாம், இத்தகைய வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கியவர். அந்நூலைப் பற்றி நான் மேடையிற் பேசியதுண்டு. அத்தகைய பாட்டொன்றைப் பாட்டியொருவரின் வாயால் முழுமையாகக் கேட்டது அன்றுதான்.

பாடி முடித்தவர் என் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, “தப்படிக்கிறவரு பேரு இல்லையே, மாஸ்டர்?” என்றார்.

அறையில் இருந்த பெற்றார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “சாவு வீட்டு மேளம் பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு?” என்று ஒரு குரல் எழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. தொல்காப்பியர் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார் என்றும், குறிஞ்சி நிலத்துக்குரியது தொண்டகப்பறை என்றும் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லுகிறவன் நான். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அவர் அடிக்கும் தப்பு என் வீட்டு ஜன்னல்வரை கேட்கும். ஆயினும் பட்டியல் எழுதியபொழுது அவர் பெயர் என் நினைவுக்கு வரவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். எந்தச் சாதியாரின் பெயர்கள் மட்டும் அப்படி மறந்துபோகின்றன என்று என்னை நானே கேட்டபொழுது அந்த விடை நிற்கவில்லை. மறுநாட் காலை அவருடைய லயத்துக்குச் சென்று அழைத்தேன். “வர்றேங்க சேர்” என்றார்; வேறொன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை அவருடைய மகன் என் வாசலில் வந்து நின்றான். என் மகளின் வகுப்பிற் படிப்பவன். “எங்கப்பாவ மட்டும் கூப்பிடாதீங்க சேர். எல்லாரும் என்னையச் சொல்லுவாங்க” என்றான். சொல்லுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அவனுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல மனமில்லை. அப்பா வருவதாக வாக்களித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அது சரியான பதில்தானா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

மறுநாள் அவர் கவ்வாத்து மலையிலிருந்து நேரே வந்தார். மழைக் குளிரில் தோல் தளர்ந்திருந்தது. முற்றத்திற் காகிதமும் சருகும் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டினார். சூடேறுமுன் ஒரு தட்டு, ஏறியபின் ஒரு தட்டு: வேறுபாடு கேட்கிறதா என்று பிள்ளைகளை வினவினார். தடித்த குச்சி எழுப்பும் ஓசையையும் மெல்லிய நீண்ட குச்சி எழுப்பும் ஓசையையும் தனித்தனியே கேட்கச் செய்து, பின்பு இரண்டையும் சேர்த்தார். கண்ணை மூடச் சொல்லி, முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பிய அடியை வாசித்தார். அடுத்து, ரதியும் மன்மதனும் ஆடிவரும் அடி. சாவு வீட்டு அடியையும் அவர் மறைக்கவில்லை. “இது அழுகிறவங்களுக்குத் தொணைக்கு அடிக்கிறது” என்றார். வகுப்பு மூச்சடக்கிக் கேட்டது. சங்கீத ரசனை பற்றி நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அன்று இரண்டு பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது. இருவருக்கும் ஒரே நாளிற் காய்ச்சல்!

மகன் கடைசி வாங்கில் தலை குனிந்தே இருந்தான். தப்பை யார் தட்டிப் பார்க்கிறீர்கள் என்றபொழுது பத்துப் பன்னிரண்டு பேர் ஓடினர், அவன் எழவில்லை. மணியடித்ததும் தகப்பனார் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். மகன் இருபது முப்பது அடி பின்னால், தனியாகவே போனான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, விரைந்தும் நடக்கவில்லை. வளைவில் என் மகள் ஓடிப்போய் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் புத்தகப் பையை முன்னால் இழுத்து, அதன்மேல் விரல்களால் தட்டிக் காட்டினான். பிரட்டு அடிதான். அவள் தட்டியது பிழைத்தது போலும். தலையை அசைத்துவிட்டு மறுபடியும் தட்டிக் காட்டினான்.