யாரைக் கொண்டு பிறந்தது?

அண்டலூசியன் என்றொரு கோழி இனம் உண்டு. ஸ்பெயினின் தென்பகுதியின் பெயரைத் தாங்கிய, ஒல்லியான, நிமிர்ந்து நடக்கும் கோழி. அதன் இறகு நிறத்தை ஆங்கிலேயர் நீலம் என்கிறார்கள். உண்மையில் அது மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம். இறகின் விளிம்பில் மையால் வரைந்ததுபோல் ஒரு கரிய கோடு ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோழிக் கண்காட்சிகள் பெரும் மோகமாக இருந்தன. அண்டலூசியனில் அங்கே மதிப்புப் பெற்றது இந்த நீலம்தான்.

ஆனால் அதை வளர்த்தவர்களுக்குத் தீராத தொல்லை ஒன்று இருந்தது. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைசேர்த்து முட்டைகளை அடைவைத்தால், ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள்தான் நீலமாக வளரும். கால் பங்கு முழுக் கறுப்பு. மீதிக் கால் பங்கு அழுக்கு வெள்ளை. அதன் மேல் மை தெறித்தாற்போல் திட்டுகள். கறுப்பையும் வெள்ளையையும் பிறவிக் குறைகள் என்று கருதிக் கழித்தார்கள். நீலத்தை மட்டுமே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தால் என்றாவது ஒருநாள் இரத்தம் தூய்மையாகி எல்லாக் குஞ்சுகளும் நீலமாகவே வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நாள் வரவேயில்லை.

ஏன் வரவில்லை என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் வில்லியம் பேட்சன். மரபியலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'ஜெனெடிக்ஸ்' என்ற பெயரை 1905-ல் சூட்டியவர் அவரே. கேம்பிரிட்ஜுக்கு அருகே கிராண்ட்செஸ்டர் என்ற சிற்றூரில் தம் வீட்டிலேயே கோழி வளர்த்தார். அந்த வேலையில் மனைவி பியாட்ரிஸுக்கும் பங்குண்டு. மெண்டல் 1866-ல் அச்சிட்ட பட்டாணிச் செடி ஆய்வு முப்பத்து நான்கு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து 1900-ல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. செடிகளுக்குப் பொருந்தும் விதி உயிருள்ள, ஓடியாடும் பிராணிகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு, 1902-ல் பேட்சனும் எடித் சாண்டர்ஸும் வெளியிட்ட அறிக்கை கோழிகளைக் கொண்டு பதில் சொன்னது: பொருந்தும்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு குஞ்சும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு காரணிகளைப் பெறுகிறது. கறுப்பை அப்படியே விட்டுவிடும் காரணி இரண்டு சேர்ந்தால் கறுப்புக் கோழி. கறுப்பை வெளிறச் செய்யும் காரணி இரண்டு சேர்ந்தால் மை தெறித்த வெள்ளைக் கோழி. இரண்டிலும் ஒவ்வொன்று அமைந்தால் நீலம். ஆக, நீலக்கோழி எப்போதும் இரண்டுக்கும் நடுவே நிற்பது. ஆயிரம் தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் அது கறுப்பையும் வெள்ளையையும் ஈன்றுகொண்டேதான் இருக்கும். இதில் பெரிய வேடிக்கை வேறொன்று. எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. குறைப்பிறப்பு என்று கழிக்கப்பட்ட கறுப்பையும் அழுக்கு வெள்ளையையும் இணைசேர்க்க வேண்டும். தூய்மை என்ற சொல்லுக்குப் பொருளிருந்தால், அது கழிக்கப்பட்டவற்றுக்குத்தான் உரியது. பரிசு வாங்கிய கோழி கலப்பு.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த என் பெரியம்மா வீடு. அடைக்கோழியைக் கூடையில் வைக்கோல் பரப்பி அமர்த்துவதும், இருபத்தோரு நாட்களை விரல்விட்டு எண்ணுவதும், பொரித்த குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்ப்பதும் பெரியம்மா ஒரு சடங்குபோலச் செய்யும் காரியங்கள். ஒருமுறை அவரது கறுப்புப் பெட்டையின் குஞ்சுகளில் ஒன்று வளர வளரத் தூய வெள்ளையாகிவிட்டது. வீட்டுச் சேவலோ செவலை. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ஒங்க கருப்பி ரெண்டு தெரு தள்ளிப் போயிட்டு வந்திருக்கா போல" என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வெள்ளைச் சேவல் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எங் கோழி வாசலத் தாண்டாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தையின் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. பெட்டைக்கோழி சேவலின் விந்தை இரண்டு வாரங்களுக்கு மேல்கூட உடலில் காத்து வைத்திருக்கும். ஆனால் பெரியம்மாவின் பக்கமும் அறிவியல் உண்டு. ஒடுங்கி மறைந்திருக்கும் ஒருவகை வெள்ளை கோழிகளில் இருக்கிறது. நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்கான மரபணுவுக்குள் எக்காலத்திலோ ஒரு வைரஸின் துண்டு புகுந்துகொண்டதால் விளைந்தது அது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். இந்தக் காரணியில் ஒன்றை மட்டும் சுமக்கும் கோழி கறுப்பாகவோ செவலையாகவோதான் தெரியும். அப்படிப்பட்ட இரண்டு இணைசேரும்போது நான்கில் ஒரு குஞ்சு வெள்ளையாகலாம். தாயும் தந்தையும் அறியாமல் தலைமுறைகளாகச் சுமந்து வந்தது அன்றுதான் வெளியே வருகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து என் தங்கை பிறந்தாள். எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லாத கறுப்பு. தொட்டிலில் இட்ட அன்று உறவுக்காரப் பெண்கள் குனிந்து பார்த்துவிட்டு, "யாரக் கொண்டு பொறந்திருக்கா இவ?" என்று கேட்டார்கள். நம் மொழியில் இதைவிட வாஞ்சையான கேள்வி இல்லை. இதைவிடக் கொடூரமான கேள்வியும் இல்லை. அம்மா தம் மாமியாரின் தாயாரைச் சொன்னார், புகைப்படம்கூட இல்லாத ஒரு கிழவியை. ஒவ்வொரு முறையும் அதே பதிலை, ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல. மனிதத் தோலின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கோழியின் ஒற்றைக் காரணிக் கணக்கு அதற்குப் போதாது. ஆனால் வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பார்வை இரண்டிடத்திலும் ஒன்றுதான். தங்கைக்கு வரன் பார்த்த ஆண்டுகளில் அந்தப் பார்வை எங்கள் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனது.

கோழிக்கூண்டிலிருந்து மனிதர்களிடம் தாவுவது என் கற்பனை மட்டுமன்று, வரலாற்றில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சார்லஸ் டாவென்போர்ட் 1906-லும் 1909-லும் கோழிகளின் பாரம்பரியத்தைப் பற்றி ஆய்வு நூல்கள் வெளியிட்டவர். கொண்டை, இறகு, நிறம் என்று பொறுமையாகக் கணக்கெடுத்தவர். அதே மனிதர் 1910-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மனித இனத்தை 'மேம்படுத்துவதற்கான' ஆவண அலுவலகத்தைத் தொடங்கினார். குடும்பங்களின் வறுமையும் குடிப்பழக்கமும் மனநோயும் இறகு நிறத்தைப்போலவே அங்கே அட்டைகளில் பதியப்பட்டன. அந்த அலுவலகம் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்காக வாதாடியது. 1939-ல் அது மூடப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அத்தகைய சட்டங்களின் கீழ் அமெரிக்காவில் மலடாக்கப்பட்டோர் 60,000-க்கும் மேல். கோழிகளை அத்தனை காலம் உற்றுப் பார்த்த ஒருவருக்கு அண்டலூசியனின் பாடம் எட்டவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எண்ணத் தெரிந்திருப்பது வேறு, எண்ணிக்கை சொல்வதைக் கேட்பது வேறு போலும்.

நம்மிடம் இனத்துக்கும் சமூகப் பிரிவுக்கும் ஒரே சொல்தான்: சாதி. 'நல்ல சாதிக் கோழி' என்று சந்தையில் சொல்லும்போது எவர் நாவும் தடுமாறுவதில்லை. எனவே பண்ணைகள் 'சுத்தமான இனம்' என்று பெருமையோடு விற்கும் வெள்ளை லெகார்னைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். அதன் வெள்ளை ஒரு திரை. நிறமி அமைவதைக் குலைக்கும் ஓங்கிய மரபணு ஒன்று மேலே நிற்பதால், கீழே கறுப்புக்கும் வரிகளுக்கும் உரிய காரணிகள் இருந்தும் அவை தெரிவதில்லை. கறுப்புக் கோழியோடு கலந்தால் வெள்ளைக் குஞ்சுகளின் இறகில் ஆங்காங்கே கரும்புள்ளி எட்டிப் பார்ப்பதுண்டு.

அதன் கால்களின் மஞ்சளுக்குக் கதை இன்னும் நீளம். வீட்டுக்கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தவை என்றார் டார்வின், 1868-ல். பெரும்பாலும் சரி. ஆனால் 2008-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று மஞ்சள் தோலுக்கான மரபணுவைத் தேடிச் சென்றபோது, அது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருப்பதைக் கண்டது. சிவப்புக் காட்டுக்கோழியின் தோல், தீனியில் வரும் மஞ்சள் நிறப்பொருளைச் சிதைத்துவிடும். இந்த மரபணு இருந்தால் சிதைப்பது நின்று, மஞ்சள் தோலில் படிந்துவிடும். சாம்பல் காட்டுக்கோழியோ இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அதிகாலையில் உடைந்த குரலில் கூவுவது அதுதான். எந்தக் காலத்திலோ, எந்த மலையடிவாரத்திலோ, ஒரு வீட்டுப் பெட்டை வாசலைத் தாண்டியிருக்கிறது. அல்லது ஒரு காட்டுச் சேவல் வேலியைத் தாண்டியிருக்கிறது.

வெள்ளை இறகு, அதனடியில் மறைந்த கறுப்பு, காலில் நம் மலைக்காட்டின் மஞ்சள். யாரைக் கொண்டு பிறந்தது என்று அந்தக் கோழியைக் கேட்டால், ஒற்றைப் பெயரைச் சொல்லி அதனால் பதிலளித்துவிட முடியாது.