மகாவலிக் கரையினின்று மொஸ்கோ வரை

கண்டி மாநகரினின்று கிழக்கே திகனை நோக்கிச் செல்லும் வழியில், மகாவலி கங்கையின் அணைப்பிலே அமைந்துள்ளது எமது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை அரசன்' எனப் பெயர் பெற்றான். அவனுக்கு மாலையிட்டு மதுரையினின்று வந்த அரசியும் வேற்றுமொழி மண்ணிலே வாழப் பழகியவளே. 2018 ஆம் ஆண்டில், ஆங்கிலம் கற்பிக்கும் பணியேற்று மொஸ்கோவுக்குப் புறப்பட்ட வேளையில் நாம் அவளை நினைத்துக்கொண்டோம்.

ருஷ்யாவிலே பாடசாலைகள் செப்டெம்பர் முதலாந் திகதி திறக்கப்படும். அன்று மாணவர் ஆசிரியருக்கு மலர் கொணர்வர். மலர்களின் தொகை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். இரட்டைப்படை மலர்கள் இறந்தோர்க்கு உரியன. ஆசிரியரை அவர்தம் பெயரோடு தந்தையார் பெயரையுஞ் சேர்த்தழைப்பதே அந்நாட்டு மரியாதை. எமது தந்தையார் பெயரை வினவியறிந்த மாணவர், அதனோடு 'ஓவிச்' என்னும் விகுதியைக் கூட்டி அழைத்தனர். குண்டசாலையில் முதலெழுத்தாக மட்டும் நின்ற அப்பெயர், அங்கே நாள்தோறும் முழுதாக ஒலித்தது.

ஆயினும் தொடக்கம் இனிதாயிருக்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவரே கற்பிக்க வேண்டுமெனப் பெற்றோர் சிலர் முறையிட்டனர். திரும்பிவிடலாமா என்று தொலைபேசியிலே தந்தையாரிடம் கேட்டோம். எமக்கு முதன்முதல் ஆங்கிலம் கற்பித்தவர் அவரே.

"தம்பி, பிள்ளைகள் விடும் பிழைகளைப் பார். நீ சிறுவயதில் விட்ட பிழைகள்தானே அவை?" என்றார் அவர்.

பார்த்தோம், வியந்தோம். தமிழைப் போலவே ருஷ்ய மொழியிலும் 'ஏ', 'த' என்னும் ஆங்கிலச் சுட்டுகளுக்கு ஈடான சொற்கள் இல்லை. 'அவள் வைத்தியர்' என நாம் சொல்வதுபோல, நிகழ்காலத்தில் 'இஸ்' என்பதற்கு ஒப்பான சொல்லின்றியே அவர்களும் பேசுகின்றனர். ஆகவே 'ஷீ டொக்டர்' என்று எழுதினர். அதே வாக்கியத்தை எழுதியதற்காக எமது வீட்டுத் திண்ணையில் நாம் நூறு முறை திருத்தி எழுதியதுண்டு. பிழை பிறக்குமிடம் தெரிந்த பின்னர் திருத்துதல் எளிதாயிற்று. முறையீடும் மெல்ல அடங்கியது.

டிசம்பர் மாதத்தில் மொஸ்கோவிலே காலை ஒன்பது மணியளவிலேதான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். அத்தகைய இருண்ட காலையொன்றில் தந்தையார் காலமான செய்தி வந்தது. ஈமக்கடனுக்கு வந்துசேர இயலாத தொலைவு. வேறு செய்வதறியாது வகுப்பிற்குச் சென்றோம். வழக்கம்போல் மாணவர் எழுந்து நின்று, அவர் பெயரைச் சேர்த்தே எமக்கு வணக்கங் கூறினர். எமது நா எழவில்லை. காரணம் அறிந்துகொண்ட மாணவி ஒருத்தி மறுநாள் மேசைமீது நான்கு வெண்மலர்களை வைத்துச் சென்றாள். அத்தொகையின் பொருள் எமக்குத் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பிய பின் ஒரு மாலை மகாவலிக் கரையில் நின்றோம். நாமும் நான்கு மலர்களை நீரிலே விட்டோம். அயல்நாட்டிற் பணிசெய்யச் செல்லும் இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: தாய்மொழியைப் பின்னே விட்டுச் செல்லாதீர்கள். பிறமொழி கற்பிப்பதற்கும் அதுவே துணையாகும்.